மேடு என்பது ஒரு கருத்து

காலையில் வண்டிச் சாவி கைக்கு வர வேண்டுமென்றால் முதலில் சதவீதம் வாசிக்க வேண்டும். வீட்டு மருத்துவச் சேவையின் மாடிக் கூடத்தில் நர்சுகளும் மருந்து கொண்டுபோகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்று, நேற்று எந்த வீட்டுக்குப் போக எத்தனை சதவீதம் பேட்டரி செலவானது, திரும்பி வர எத்தனை செலவானது என்று உரக்கச் சொல்வார்கள். அளவுக்குள் செலவழித்தவர்கள் வலப்பக்கம் போய் உட்காரலாம். அங்கே மெத்தை போட்ட நாற்காலிகள் இருந்தன. அளவைத் தாண்டியவர்கள் இடப்பக்கம் நிற்க வேண்டும். அங்கே சுவர் இருந்தது, ஆனால் சாயக்கூடாது.

பிசியோ எப்போதும் இடப்பக்கம்தான் நின்றாள்.

நடக்க முடியாதவர்களின் வீடு தேடிப் போய்க் கைகால்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. பெட்ரோல் வண்டிகள் இருந்த காலத்தில் இந்த வாசிப்பெல்லாம் கிடையாது. முள் ஒன்று இருக்கும். அது சாய்ந்தால் பெட்ரோல் போடுவார்கள். மின்சார வண்டிகள் வந்தபோது ரிப்பன் வெட்டிப் படம் பிடித்துக்கொண்டார்கள். அந்த வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரை. அதில் உள்ளங்கை அகலத்துக்குச் சதவீதம். எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஓர் எண் இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? மின்னுகர்வுப் புரிதல் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஓட்டும்போது பேட்டரி ஏன் ஒரு நாள் கூடவும் ஒரு நாள் குறையவும் செலவாகிறது என்று புரிந்துகொள்வது அதன் நோக்கம். புரிந்துகொள்வதற்கு வசதியாக அதற்கு நல்ல குளிர்ச்சியான ஓர் அறை கொடுத்தார்கள்.

அந்தப் பிரிவின் அதிகாரியை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சராசரி என்றார்கள். தான் வகுத்த அளவின்மேல் அவருக்கு அவ்வளவு பாசம். அந்த அளவு பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த சமதளத்தில், ஒல்லியான காவலாளியை ஓட்டவைத்து, ஏசியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, பின்னிருக்கையில் கிடந்த குடையைக்கூட எடுத்து வெளியே வைத்துவிட்டு, வண்டியை வட்டமாகச் சுற்றவிட்டார்கள். அன்று காற்றும் விடுப்பில் இருந்தது. கிடைத்த எண்ணுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அதன்படி பிசியோவின் கடைசி வீட்டுக்கு, அதாவது மேட்டு வீட்டுக்கு, போக ஆறு, வர ஆறு.

"மேட்டு வீடு," என்று வாசித்தாள் பிசியோ. "போகும்போது பதிமூணு செலவு. வரும்போது ரெண்டு வரவு."

சராசரி கண்ணாடியைக் கழற்றினார். "வரவா?"

"ஆமா சார். கீழ இறங்கும்போது ரெண்டு சதவீதம் கூடிடுச்சு."

"யாருகிட்ட வாங்கினீங்க?"

"யார்கிட்டயும் வாங்கல. ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்தா, சக்கரம் உருண்டு வர்ற வேகத்துல வண்டியே சார்ஜ் பண்ணிக்குது."

"இங்க பாருங்கம்மா, வாகனம் செலவு பண்ற பொருள். சம்பாதிக்கிற பொருள் இல்ல. பணியில இருக்கறவங்க வெளியாள்கிட்ட எதையும் வாங்கக்கூடாதுன்னு விதி இருக்கு. மின்சாரம் அதுல விலக்கு இல்ல."

வலப்பக்கத்து நாற்காலிகளில் யாரோ இருமினார்கள். பிசியோவுக்குக் கன்னம் சுட்டது. திருடாத பொருளுக்குக் கையும் களவுமாக அகப்பட்டவள் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள்.

"சார், அந்த வீடு மேட்டுல இருக்கு. ஏறும்போது கூடச் செலவாகும். இறங்கும்போது கொஞ்சம் திரும்பி வரும். அவ்வளவுதான்."

"எங்க வரைபடத்துல மேடு இல்லையே."

"வரைபடம் தட்டையாத்தானே சார் இருக்கும்?"

சராசரி புன்னகைத்தார். பொறுமையானவர் என்று பெயரெடுத்தவர். "மேடுங்கறது ஒரு கருத்தும்மா. கீழ நிக்கிற உங்களுக்கு அது மேடு. மேல நிக்கிறவங்களுக்கு அதே ரோடு பள்ளம். ஆளுக்கு ஒண்ணு சொன்னா நாங்க எதை எடுத்துக்கறது? தூரம்தான் உண்மை. போற தூரமும் வர்ற தூரமும் ஒண்ணு. அப்ப செலவும் ஒண்ணாத்தான் இருக்கணும். இல்லைன்னா நடுவுல என்ன மாறுது? ஓட்டுறவங்கதான் மாறுறாங்க." கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். "எங்க பிரிவோட வேலை புரிஞ்சுக்கறது. புரியாததைக் குறைக்கறது. இந்த வருஷம் புரியாத வீடு மூணை நிறுத்தியிருக்கோம். இப்ப எங்க புரிதல் கிட்டத்தட்ட நூறு சதவீதம். இந்த மேட்டு வீடு ஒண்ணுதான் பாக்கி."

"நிறுத்தறதுன்னா?"

"போன்ல பார்த்துக்கலாமே. காலை நீட்டுங்க, மடக்குங்கன்னு சொல்றதுக்கு அங்கதான் போகணுமா?"

*

மேட்டு வீட்டில் இருந்தவள் ஒரு பார்லர்க்காரி. கடைவீதியில் சின்னதாக ஒரு முடிவெட்டும் பார்லர் வைத்திருந்தவள், பேருந்து மோதித் தொடையெலும்பு இரண்டாகி, உள்ளே தகடு வைத்துத் தைத்து, வீட்டோடு கிடந்தாள். தங்கை காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். கடை பூட்டிக் கிடந்தது.

அவளுக்கு எல்லாமே தலைக்கணக்கு. எவ்வளவு நேரம் நிற்க முடிந்தது என்று கேட்டால் நிமிடம் சொல்ல மாட்டாள். ஒரு தலைமுடியை முழுக்க வெட்டி முடிக்கிறவரை நிற்க வேண்டும். அதுதான் அவள் குறி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத ஒருவரின் இல்லாத தலையைச் சுற்றி மனசுக்குள் கத்தரி ஓட்டுவாள்.

"இன்னிக்கு எது வரைக்கும்?"

"பிடரி முடிஞ்சு வலது காது வரைக்கும் வந்துட்டேன் பிசியோக்கா. அதுக்கப்புறம் முட்டி தந்தி அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. கஸ்டமரைப் பாதித் தலையோட அனுப்பிட்டேன்."

"கஸ்டமர் ஒண்ணும் சொல்லலையா?"

"காசு குடுக்காமப் போயிட்டா, கடங்காரி."

நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் பிசியோ, அந்த வீட்டில்தான் வாய்விட்டுச் சிரிப்பாள். இந்த வீட்டைப் போனில் பார்ப்பதா? போனில் அவள் முட்டியைத் தாங்கிக்கொள்வது யார்?

அதனால் பிசியோ, எப்படியாவது அளவுக்குள் வந்துவிடுவது என்று முடிவெடுத்தாள். அவர்களுக்குப் புரியவைப்பதைவிட அது சுலபம் என்று நினைத்தாள்.

முதலில் ஏசியை அணைத்தாள். உச்சி வெயிலில், கண்ணாடியை இறக்கினால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பிடித்து இழுக்கும் என்று அதையும் ஏற்றிவைத்து, முதுகோடு சட்டை ஒட்ட ஓட்டினாள். ஒன்று குறைந்தது. டயருக்குக் காற்றடித்தாள். வேகத்தைக் குறைத்தாள், பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவள் காதில் ஹார்ன் அடித்து, எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள். எதிர்காற்று அடித்த நாளில் மிச்சம் பிடித்தது எல்லாம் பறந்தது. மழை பெய்தால் கூடியது. குளிர்ந்த காலையில், வண்டி நகர்வதற்கு முன்பே பேட்டரி சோம்பல் முறிப்பதுபோல இருந்தது. இத்தனை மாறுதலுக்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். வண்டி மறைக்காமல், உள்ளதை உள்ளபடி, வினாடிக்கு வினாடி காட்டிக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தாள். வாசிப்பில் அவமானப்பட்டு வந்த நாள்களில் அவள் கால் பாரமாக இருந்தது. சிக்னல் பச்சையானதும் சராசரியின் முகத்தை மிதிப்பதுபோல மிதித்தாள். அன்றைக்கெல்லாம் செலவு எகிறியது. எகிறியதற்காக மறுநாள் அதிகமாக அவமானப்பட்டாள். ஆக, பேட்டரியில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது புரிதல் பிரிவுதான். இதை அவர்களிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால், கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்பார்கள்.

அப்படித்தான் வைத்துப் பார்த்தாள். வீட்டில் யாரோடும் சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம், மனசு சமதளமாக இருக்கட்டும் என்று வார்த்தையை எண்ணி எண்ணிச் செலவழித்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, வந்ததுலேருந்து ஊமையா இருக்க?"

"மிச்சம் பிடிக்கிறேன்."

அவர் சிரித்தார். "எத்தனை சதவீதம் இருக்கு?"

அவள் உண்மையிலேயே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது இதற்கு ஒரு பதில் சொன்னால், அதற்கு அவர் ஒன்று சொன்னால், அதை மனசில் போட்டுக்கொண்டு தூங்கினால், நாளைக்கு மேட்டில் எவ்வளவு போகும்? தன்னைப் பற்றி இப்படி யோசிக்கிறோம் என்று உறைத்தபோது தட்டிலிருந்த சோறு ஆறிப்போயிருந்தது. வீட்டுக்காரரும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"பேசித் தொலைச்சிடு," என்றார். "இந்த வீட்ல யாரும் வாசிக்கச் சொல்லல."

ஆனாலும் செலவு பதினொன்றுக்குக் கீழே இறங்கவில்லை. எடையைக் குறைக்கலாம் என்று தோன்றியது அப்போதுதான். வண்டியின் பின்பக்கத்தில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். மணல் பைகள். மடக்கு நடைச்சட்டம். படியேறிப் பழகுவதற்கான கனத்த மரப்படி. மூன்றையும் அலுவலகத்தின் பொருளறையில் வைத்துவிட்டுப் போனாள்.

மரப்படி இல்லாததால் அன்று பார்லர்க்காரியை வாசல்படியில் ஏறி இறங்கச் சொன்னாள். ஏறிவிட்டாள். இறங்கும்போது முட்டி மடங்கியது. பிசியோ பாய்ந்து இடுப்பைப் பிடித்து, இரண்டு பேரும் கதவில் மோதி, சரிந்து தரையில் உட்கார்ந்தார்கள். அடி ஒன்றும் படவில்லை. பார்லர்க்காரிக்கு மேலுதடு வேர்த்திருந்தது.

"அந்த மரப்படி எங்கக்கா? அதுல கைப்பிடி இருக்குமே."

"கனமா இருக்குன்னு வெச்சுட்டு வந்துட்டேன்."

"யாருக்குக் கனம்? வண்டிக்குத்தானே?"

பிசியோ திரும்பும் வழியில் திரையைப் பார்த்தாள். போகும்போது வெறும் பத்து. இத்தனை நாளில் அதுதான் மிகக் குறைவு. வாசித்தால் சராசரி தலையசைத்துப் பாராட்டக்கூடும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, தன் தொடையிலேயே ஓங்கி ஓர் அடி போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மணல் பை, சட்டம், மரப்படி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனாள். அதற்கடுத்த காலை, "பதினாலு," என்று வாசித்தாள். "பதினாலுதான் ஆகும். நாளைக்கும் ஆகும். வேணும்னா நீங்களே வந்து பாருங்க."

யாரையும் வந்து பார்க்கச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

*

முதலில் ஒரு நோக்கரை அனுப்பினார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நோக்குவது அவர் வேலை. நல்ல ஆகிருதி, நல்ல மனசு. நெற்றி முடி கண்ணை மறைத்து விழ, அதை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டே இருப்பார்.

"ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்களேன் மேடம். வேர்த்தா எனக்கு நோக்க வராது."

அன்றைக்குப் பதினாறு. நோக்கர் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார்: கண்காணிக்கும்போது இவர் கூடுதலாகச் செலவழிக்கிறார், மனசாட்சி உறுத்துகிறது போலும்.

"உங்க வெயிட்டும் இருக்கில்ல சார்?"

"நான் நோக்கர் மேடம். கணக்குல வர மாட்டேன்."

வீட்டுக்குள் வந்து ஓரமாக உட்கார்ந்தவரைப் பார்லர்க்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தாள். "ஏங்க, கண்ணைத் திறந்தா முடிதானே தெரியும் உங்களுக்கு? எதை நோக்குவீங்க? எனக்குக் கால் சரியாகட்டும், முதல் தலை உங்களுதுதான்."

"ஐயோ, நான் எதுவும் வாங்கிக்கக்கூடாதும்மா."

"நான் எடுக்கத்தானே போறேன், குடுக்கவா போறேன்?"

அறிக்கை மேலே போனது. மேலே போகப் போக எதற்கும் கனம் கூடும் அல்லவா? ஒரு நல்ல நாளில் இயக்குநரே நேரில் வருகிறார் என்றார்கள்.

பிசியோ ஓட்ட, பக்கத்தில் இயக்குநர். பின்னால் சராசரியும் நோக்கரும். அவர்களுக்கு நடுவில், விட்டால் சாய்ந்துவிடும் என்று மடியில் பிடித்துக்கொள்ளப்பட்ட சட்டம் போட்ட அளவு. இயக்குநர் இனிமையாகப் பேசுகிறவர்.

"நான் பொறுப்புக்கு வந்ததுலேருந்து என் வண்டி ஒரு தடவைகூட அளவைத் தாண்டினது இல்லம்மா. தெரியுமா?"

"எப்படி சார்?"

"நான் எங்கயும் போறதில்ல. தலைமையில இருக்கறவங்க முன்மாதிரியா இருக்கணும். எல்லாரும் என்னை மாதிரி இருந்தா நம்ம சேவையோட செலவு பூஜ்யம்."

"அருமை சார்," என்றார் சராசரி பின்னாலிருந்து.

மேட்டுச் சாலையின் வளைவுகள் தொடங்கியதும் இயக்குநருக்கு வயிற்றைப் புரட்டியது. கண்ணாடியை இறக்கச் சொன்னார். வெக்கை அடித்தது, கண்ணாடி இறங்கியிருக்கும்போதே ஏசியை முழுக்க வைக்கச் சொன்னார். வண்டி முக்கி முனகி ஏறியது. திரையில் எண் கண்ணெதிரே கரைந்தது. எழுபது, அறுபத்தாறு, அறுபது. வண்டிக்குள் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இத்தனை செலவுக்குக் காரணம் மேடு என்றால் மேடு இருக்கிறது என்றாகும். மேடு இல்லை, பாரம் என்றால் பாரம் யார் என்று கேள்வி வரும். சராசரி மடியிலிருந்த சட்டத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

பிசியோவுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. கடைசியாக, கடைசியாக, அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள்.

பார்லர்க்காரி எல்லோரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "கால் எனக்கு ஒண்ணுதானே அக்கா உடைஞ்சுது? இத்தனை பேரா?" என்றவள், அன்று மரப்படியில் ஏறி, பிசியோவின் கைமேல் கை வைத்து, நடுங்கி நடுங்கி இறங்கிக் காட்டினாள்.

"பேஷ்," என்றார் இயக்குநர். "ஏறினவங்களுக்கு இறங்கறதா கஷ்டம்?"

"உடைஞ்ச காலுக்கு இறங்கறதுதான் சார் கஷ்டம்," என்றாள் பிசியோ. "ஏறும்போது கால் தள்ளினாப் போதும். இறங்கும்போது மொத்த உடம்பையும் தாங்கணும். வண்டிக்கு ஏற்றத்துல செலவு. இவங்களுக்கு இறக்கத்துல."

இயக்குநர் இதை ரசித்ததாகத் தெரியவில்லை. ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு கருத்துகள் அவருக்குப் பிடிக்காது.

இறங்கும்போது கதை மாறியது. காற்று இதமாக இருந்தது, வயிறு அடங்கியது. பிசியோ காலை எடுத்துவிட, வண்டி தன்னைத்தானே பிடித்துப் பிடித்து உருண்டது. நான்கு பேர் பாரமும் சேர்ந்துகொள்ள, ஐம்பத்துநான்கு ஐம்பத்தைந்தாகி, ஐம்பத்தேழாகி, ஐம்பத்தெட்டானது. இயக்குநர் குழந்தை மாதிரி கைதட்டினார்.

"கூடுது! பாருங்க, கூடுது! இதை ஏன்யா யாரும் என்கிட்ட சொல்லல?"

"நான் அப்பவே நினைச்சேன் சார்," என்றார் சராசரி.

மறுநாள் வாசிப்பில் இயக்குநரே பேசினார். "நண்பர்களே, நேத்து நாங்க நேர்ல போய் ஒரு உண்மையைக் கண்டுபிடிச்சோம். அந்தப் பாதையில நம்ம வண்டி மின்சாரத்தைச் செலவு பண்ணல. உற்பத்தி பண்ணுது! போகும்போது கொஞ்சம் குறையற மாதிரி தெரிஞ்சுது. ஆனா அது போகும்போதுதான். போறதுங்கறது இன்னும் முடியாத வேலை. முடியாத வேலையைக் கணக்குல சேர்க்க முடியாது. திரும்பி வர்றதுதான் முடிவு. முடிவைத்தான் பார்க்கணும். மேட்டு வீட்டை யாரும் நிறுத்தப் போறதில்ல. அது நமக்கு ஒரு வரம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பிசியோவைக் கைப்பிடித்து அழைத்துப்போய் மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வீடு தப்பித்தது என்ற நினைப்பில் அவளும் உட்கார்ந்தாள். நாற்காலி மெத்தென்று இருந்ததை இன்றைக்கும் அவள் வெட்கத்தோடுதான் நினைத்துக்கொள்வாள்.

அன்று மாலை வண்டிக்குச் சார்ஜ் போடப் போனபோது அவளுடைய கார்டு வேலை செய்யவில்லை.

"தானே சம்பாதிக்கிற வண்டிக்கு எதுக்கும்மா சார்ஜ்?" என்றார் சராசரி. "கணக்குப்படி உங்க வண்டி நிறைஞ்சு வழியணும்."

"திரையில ஐம்பத்திரண்டுன்னு காட்டுது சார்."

"அது வண்டியோட கருத்து."

"வெளியில எங்கயாவது போட்டுக்கறேன். என் காசுலயே."

"வெளியாள் மின்சாரம். விதி இருக்கே!"

*

ஐம்பத்திரண்டு நாற்பதானது, நாற்பது முப்பதுக்குக் கீழே வந்தது. நாள்தோறும் மற்ற வீடுகளும் இருந்தன அல்லவா? வாசிப்பில் அவளுடைய இறக்கத்தை மட்டும் கேட்டார்கள். "ரெண்டு வரவு" என்றதும் தட்டினார்கள். மற்றதை வாசிக்க வாயெடுத்தால், அடுத்தவர் என்றார்கள். கைதட்டலுக்கு நடுவில் வறண்டுகொண்டிருக்கும் ஒரு வண்டியோடு அவள் ஊரெல்லாம் அலைந்தாள்.

ஒரு நாள், கடைசி வளைவுக்கு வருமுன்பே திரையில் எண் மூன்றைத் தொட்டது. வண்டி ஒரு மரத்தடியில் நின்றுவிட்டது. ஆமைப் படம் ஒன்று திரையில் மினுக்கியது. இனி ஏறாது. பிசியோ மரப்படியை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து டக், டக் என்று சத்தம் கேட்டது.

நடந்து பழகுவதற்காகப் பிசியோ விட்டுவந்திருந்த நடைச்சட்டத்தை ஊன்றி ஊன்றி, பக்கவாட்டாக ஒவ்வோர் அடியாக வைத்து, கழுத்தில் கைப்பை தொங்க, பார்லர்க்காரி சாலையில் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

பிசியோ ஓடிப்போய்ப் பிடித்தாள். "அறிவிருக்கா உனக்கு? யார் உன்னை இறங்கச் சொன்னா? விழுந்திருந்தா? தகடு நகர்ந்திருந்தா?"

"வாசல்லேருந்து பார்த்தா வண்டி நிக்கிறது தெரியுதுக்கா. எவ்வளவு நேரம் நிக்கும்? நீங்க வர மாட்டீங்க, திரும்பிப் போயிடுவீங்கன்னு பயந்துட்டேன். அப்புறம் போன்லதான் வருவீங்க." அவள் முகம் வெளுத்திருந்தது. முட்டி உதறல் எடுத்து ஆடியது. "திட்டுங்க. ஆனா முதல்ல உட்கார வைங்க."

முன்னிருக்கையில் உட்காரவைத்துக் காலை நீட்டிப் பிடித்துவிட்டாள். இந்தக் காலோடு இவளை மேலே நடத்திப் போக முடியாது. ஏற்றிக்கொண்டு போக வண்டியில் உயிர் இல்லை. மேலே போக வழி இல்லை. கீழே மட்டும்தான் போகலாம். எத்தனையோ பேர் உட்கார்ந்து யோசித்து, அவளுக்கு மிச்சம் வைத்திருந்த ஒரே திசை அது.

"சரி," என்றாள். "வா, உற்பத்தி பண்ணுவோம்."

உருண்டு இறங்கினார்கள். மூன்று ஐந்தானது. அந்த ஐந்தை வைத்துக்கொண்டு நத்தை மாதிரி ஊர்ந்து அலுவலகம் வந்து சேர்ந்தபோது ஒன்று இருந்தது. வாசலில் சராசரி நின்றுகொண்டிருந்தார்.

"இறக்கத்துல எவ்வளவு?"

"ரெண்டு வரவு."

"பிரமாதம்!"

"இவங்களைத் திரும்ப மேல கொண்டுபோய் விடணும் சார். சார்ஜ் போட்டுக் குடுங்க."

அவர் பார்லர்க்காரியை, அவள் நடைச்சட்டத்தை, அவள் நீட்டிவைத்திருந்த காலை எல்லாம் பார்த்தார். நிஜமாகவே இரக்கப்பட்டார். "ஏற்றம் எங்க பிரிவுல வராதும்மா."

பிசியோவுக்குள் என்னவோ ஒன்று அப்போது தணிந்தது. கோபம் போனது என்று சொல்ல முடியாது. எதற்கோ மிச்சம் பிடித்து வைத்திருந்ததைச் செலவழிக்கும் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்த அமைதி அது. வண்டியை மெதுவாகத் திருப்பி, நிழற்கூரை போட்டு, சங்கிலி கட்டி வைத்திருந்த இயக்குநரின் இடத்துக்குப் போனாள். அங்கேயிருந்த அதிவேகச் சார்ஜருக்குக் கார்டு கிடையாது. அவருக்கு அதெல்லாம் சிரமம். சங்கிலியை அவிழ்த்தாள். அவர் வண்டி பக்கத்தில் பளபளவென்று நின்றது, நூறு சதவீதத்தோடு. அதிலிருந்து கேபிளைப் பிடுங்கித் தன் வண்டியில் செருகினாள்.

சராசரி ஓடி வந்தார். "என்ன பண்றீங்க? இதுக்கு விளக்கம் குடுத்தாகணும்!"

"குடுக்கல," என்றாள் பிசியோ.

அந்தச் சொல்லை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. சராசரி அதைப் புரிந்துகொள்ள முயன்றபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, மேலே சொல்லிவிட்டு வருகிறேன் என்று படியேறிப் போனார். ஏறும்போது மூச்சு வாங்கியது.

நோக்கரை மட்டும் அனுப்பினார்கள். அவர் வந்து, நெற்றி முடியை ஊதித் தள்ளி, கேபிளை நோக்கினார்.

பார்லர்க்காரி கைப்பையைத் திறந்தாள். துணியில் சுற்றிய கத்தரியும் சீப்பும் எப்போதும் அதில் இருக்கும். "சார்ஜ் ஏற நேரமாகுமாமே. உட்காருங்க."

"நான் பணியில இருக்கேம்மா."

"உட்கார்ந்துகிட்டே நோக்குங்க. யாரு வேணாங்கறா?"

மரப்படியை இறக்கி, அதில் நோக்கரை உட்காரவைத்தார்கள். பார்லர்க்காரி வண்டியின் முன்பக்கத்தில் இடுப்பைச் சாய்த்து நின்றாள். பிசியோ அவள் முட்டிக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு தரையில் குந்தினாள். பிடரியில் கத்தரி கிச்கிச் என்று தொடங்கியது. வலது காது வந்தது. முட்டி மெல்லத் துடித்தது.

"போதும், உட்காரு."

"பாதித் தலையோடவா? கவர்மென்ட் ஆளையா அனுப்பறது? பேசாம இருங்கக்கா."

வலது காதைத் தாண்டினாள். உச்சிக்கு வந்தாள். சாய்ந்திருந்த இடுப்பு எப்போதோ வண்டியைவிட்டு விலகியிருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை. மேலே ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. யாரோ பிசியோவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். உடனே மேலே வர வேண்டுமாம், இயக்குநர் கூப்பிடுகிறாராம். பிசியோ கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குள் அந்த முட்டி, நடுங்கி, நின்று, மறுபடி நடுங்கி, தாங்கிக்கொண்டிருந்தது. இடது காது.

நோக்கரின் கண்ணுக்கு முன்னால் தொங்கிய கடைசிக் கற்றை விழுந்தது. அவர் இமைகளைக் கொட்டிக் கொட்டி, முதல்முறையாக எதிரே பார்த்தார்.

"மேடம், திரையில தொண்ணூறு காட்டுது."

"அப்படியா?" என்றாள் பிசியோ, திரும்பாமல். "கிருதா ரெண்டும் ஒரே அளவுல இருக்கான்னு பாருங்க."